மின்னஞ்சலின் செய்தி அடையாளம்: அமைப்பும் வடிவமைப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. அடையாளம் செய்யும் வேலை

ஏறத்தாழ எல்லா மின்னஞ்சல்களின் தலைப்பகுதியிலும் படிப்பவர் கண்ணில் படாத ஒரு வரி உண்டு. மெசேஜ்-ஐடி எனப்படும் அந்த வரியில், கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர் இருக்கும். அதன் நடுவில் @ குறி இருக்கும். இதுவே செய்தி அடையாளம். ஓர் அஞ்சலை உலகிலுள்ள மற்ற எல்லா அஞ்சல்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது இதன் பணி.

இந்த ஒரு வரியை நம்பி மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, உரையாடலைக் கோப்பது. ஓர் அஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, மூல அஞ்சலின் அடையாளம் பதிலின் தலைப்பகுதியில் 'இதற்குப் பதில்' என்ற வரியில் சேர்கிறது. அதற்கு முன் வந்த அஞ்சல்களின் அடையாளங்கள் 'மேற்கோள்கள்' என்ற வரியில் வரிசையாகச் சேர்கின்றன. நாற்பது அஞ்சல்கள் கொண்ட ஓர் உரையாடலை மென்பொருள் கிளைகிளையாகப் பிரித்துக் காட்டுவது இந்த வரிகளைக் கொண்டுதான். நெட்ஸ்கேப் மெயிலுக்காக ஜேமி சவின்ஸ்கி உருவாக்கிய கோக்கும் முறை 2008இல், சர்வரிலுள்ள அஞ்சல்களைப் படிக்க உதவும் ஐமேப் தரநிலையிலும் இடம்பெற்றது.

இரண்டாவது, இரட்டிப்பைத் தவிர்ப்பது. ஒரே அஞ்சல் இரு வழிகளில் வந்து சேர்ந்தால், அடையாளம் ஒன்றாக இருப்பதைக் கண்டு ஒரு பிரதியை மட்டும் காட்டலாம். மூன்றாவது, தடம் பார்ப்பது. அனுப்பியவர் "அனுப்பிவிட்டேன்" என்கிறார், பெற வேண்டியவர் "வரவில்லை" என்கிறார் என்றால், சர்வர் நிர்வாகி பதிவேடுகளில் முதலில் தேடுவது இந்த அடையாளத்தைத்தான்.

2. உள்ளடக்கமே அடையாளமாகுமா?

அஞ்சலின் வாசகத்தைச் சுருக்கி ஓர் எண்ணாக்கும் ஹாஷ் கணக்குகள் இருக்கும்போது தனியாக ஓர் அடையாளம் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். ஒரே வாசகத்துக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும் என்பதே அந்த முறையின் பலம். அடையாளத்தைப் பொறுத்தவரை அதுவே குறையும்கூட. இதற்குத் தெளிவான சான்று விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் இருக்கிறது.

பனமலைத் தாளகிரீசுவரர் கோயில் இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்ம பல்லவன் காலத்தது. அவனே காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலையும் எழுப்பியவன். 1890இல் வெளியான 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் காஞ்சிக் கல்வெட்டை 24ஆம் எண்ணிலும், பனமலைக் கல்வெட்டை 31ஆம் எண்ணிலும் பதிப்பித்தார். பனமலையில் அவர் பதிப்பித்தது ஒரே ஒரு வடமொழிப் பாடல். காஞ்சியில் உள்ள ராஜசிம்மனின் நீண்ட கல்வெட்டு முடியும் பாடலும் அதுவே.

வாசகம் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் ஒரே பதிவாகச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பனமலைப் பகுதி ராஜசிம்மனின் ஆட்சிக்குள் இருந்தது என்பதற்கான சான்று மறைந்திருக்கும். அதே பாடல் இன்னோர் ஊரில், இன்னொரு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதே அங்குள்ள செய்தி. வாசகம் ஒன்றாயினும் வெட்டுகள் இரண்டு, எண்களும் இரண்டு.

மின்னஞ்சலிலும் நிலைமை இதுதான். "இம்மாத வாடகை வந்து சேர்ந்தது, நன்றி" என்று மாதந்தோறும் ஒரே வாசகத்தில் போகும் அஞ்சல்கள் பன்னிரண்டும் பன்னிரண்டு தனிச் செய்திகள். வாசகத்தை மட்டும் வைத்து அடையாளம் கணித்தால் அவை ஒன்றாகச் சுருங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. ஆவணம் மாற்றப்படவில்லை என்று காட்ட அது உதவும். எந்த அஞ்சல் என்று சுட்டுவதற்குச் செய்தி அடையாளம் வேண்டும். இரண்டின் வேலைகளும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாகாது.

3. பொதுப் பதிவேடு இல்லாத நிலை

கல்வெட்டுகளுக்கு எண் கொடுப்பது எளிது. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு படியெடுத்த கல்வெட்டுகளுக்கு ஆண்டையும் அந்த ஆண்டின் வரிசை எண்ணையும் சேர்த்து அடையாளம் தந்தது. ஒரே அலுவலகம், ஒரே பதிவேடு என்பதால் எண் இரட்டிக்க வழியில்லை. அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்ட் எண்ணும் ஒழுங்குபடுத்தப்பட்ட எண்தான்: முன்னால் இரண்டு எழுத்து, பிறகு எட்டு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. உலக அஞ்சல் ஒன்றியத்தின் தரநிலை இது.

அந்தச் சரிபார்ப்பு இலக்கம் கணிக்கப்படும் விதம் கவனிக்கத் தக்கது. எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, சரிபார்ப்பு இலக்கம் 5. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் கணினி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். மனிதர் கையால் எழுதி, வாயால் சொல்லி, கண்ணால் படிக்கும் எண்ணுக்கு இந்தக் காவல் தேவை. செய்தி அடையாளம் இயந்திரத்திலிருந்து இயந்திரத்துக்கே செல்வதால் அதில் சரிபார்ப்பு இலக்கம் இடம்பெறவில்லை.

மின்னஞ்சலுக்கோ உலகம் முழுவதற்குமான பதிவேடு எதுவும் கிடையாது. கோடிக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றையொன்று கேட்காமல், சில நேரம் இணைய இணைப்பே இல்லாமல், ஒரே நொடியில் அடையாளங்களை உருவாக்குகின்றன. எவரையும் கேட்காமல் உருவாக்கினாலும் எவருடையதோடும் மோதக் கூடாது என்பதே வடிவமைப்பின் மையச் சிக்கல்.

4. @ குறியின் இரு பக்கம்

மின்னஞ்சலின் தலைப்பகுதியை ஒழுங்குபடுத்த 1973இல் வந்த ஆர்எஃப்சி 561 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தை எழுதிய நால்வரில் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண் ஒருவர். 1977இல் வந்த ஆர்எஃப்சி 733 செய்தி அடையாளத்தை விவரித்தது. 1982இல் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 அதைத் தொடர்ந்தது. இன்று நடைமுறையிலிருப்பது 2008இன் ஆர்எஃப்சி 5322. ஒவ்வோர் அஞ்சலிலும் அடையாளம் இருப்பது நல்லது என்றும், இருக்குமானால் அது உலகம் முழுவதிலும் தனித்ததாக இருந்தே ஆக வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அந்தத் தனித்தன்மைக்குப் பொறுப்பு அடையாளத்தை உருவாக்கும் இயந்திரத்தையே சாரும்.

பொறுப்பைப் பங்கிடும் வழி @ குறியில் இருக்கிறது. வலப்பக்கத்தில் டொமைன் பெயர் வருகிறது. டொமைன் பெயர்கள் ஏற்கெனவே பதிவுசெய்து பெறப்படுபவை. ஒரே பெயரை இருவர் வைத்திருக்க முடியாது. எனவே இரு நிறுவனங்களின் அடையாளங்கள் மோதும் கவலை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இடப்பக்கம் அந்த நிறுவனத்துக்குள் மட்டும் தனித்ததாக இருந்தால் போதும். உலகளாவிய சிக்கல் வீட்டளவுச் சிக்கலாகக் குறைகிறது.

இந்தப் பங்கீடு எல்லா இடத்திலும் சரியாக அமைவதில்லை. 1986இல் தொடங்கிய எர்னெட் வலையமைப்பில் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் பெரிய கணினிகளுக்குத் தனிப் பெயர்கள் இருந்தன. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கிய பின் நிலைமை மாறியது. தொலைபேசி வழியாக இணையும் வீட்டுக் கணினிக்கு டொமைன் பெயர் கிடையாது. மென்பொருள் கணினியின் பெயரைக் கேட்டால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பொதுப் பெயரே கிடைக்கும். உலகிலுள்ள எல்லாக் கணினிகளும் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் அது. அதை வலப்பக்கத்தில் வைத்தால் பங்கீடு குலைந்துவிடும். அனுப்புநர் முகவரியின் டொமைனை எடுத்துக்கொண்டு, இடப்பக்கத்தில் போதிய தற்செயல் எண்ணைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

5. இடப்பக்கத்தை நிரப்புதல்

இடப்பக்கத்துக்கான பழைய செய்முறை நேரம், செயலாக்க எண், வரிசை எண் ஆகிய மூன்றின் சேர்க்கை. திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தின் சர்வர் இப்படி ஓர் இடப்பக்கத்தை உருவாக்குகிறது எனக் கொள்ளலாம்:

20250115043012.2817.000046

முதல் பதினான்கு இலக்கங்கள் 2025 ஜனவரி 15, 04 மணி 30 நிமிடம் 12 நொடியைக் குறிக்கின்றன. இது உலகப் பொது நேரம்; திண்டிவனத்தில் அப்போது மாட்டுப் பொங்கலன்று காலை 10 மணி 12 நொடி. அடுத்துள்ள 2817 என்பது இயங்கிக்கொண்டிருந்த நிரலுக்கு இயங்குதளம் கொடுத்த செயலாக்க எண். இறுதியில் வருவது அந்த நிரல் தொடங்கியதிலிருந்து அனுப்பிய அஞ்சல்களின் எண்ணிக்கை. நொடி ஒன்றானாலும் வரிசை எண் வேறுபடும். நிரல்கள் இரண்டு ஒரே நேரத்தில் ஓடினாலும் செயலாக்க எண் வேறுபடும்.

இந்த முறை கடிகாரத்தை முழுதாக நம்புகிறது, கடிகாரமோ நம்பத்தகுந்ததன்று. நேரத்தைச் சரிசெய்யும் சேவை, முன்னால் ஓடிவிட்ட கடிகாரத்தைச் சில நொடிகள் பின்னுக்குத் தள்ளலாம். அப்போது கடந்துபோன நொடிகள் மீண்டும் வருகின்றன. ராஸ்பெரி பை 4 வரையிலான சிறு கணினிகளில் மின்சாரம் போனால் நேரத்தைக் காக்கும் கடிகாரமே இல்லை. மின்வெட்டுக்குப் பின் எழும்போது இணையம் வழியாகச் சரியான நேரம் கிடைக்கும்வரை அவை பழைய நேரத்திலேயே ஓடும். செயலாக்க எண்ணும் சுழன்று வருவது: பழைய லினக்ஸ் அமைப்புகளில் 32,768ஐ எட்டியதும் சிறிய எண்களிலிருந்து மீண்டும் தொடங்கும். நிரல் புதிதாகத் தொடங்கும்போது வரிசை எண்ணும் சுழியத்துக்குத் திரும்பும். மூன்றும் ஒருசேரத் திரும்பினால் பழைய அடையாளம் மீண்டும் பிறக்கும்.

நேரத்தைப் பதியும்போது உலகப் பொது நேரத்தையே பயன்படுத்த வேண்டும். இந்தியாவில் கோடைகால நேரமாற்றம் இல்லை. ஆனால் அம்மாற்றம் உள்ள நாடுகளில் உள்ளூர் நேரத்தை எழுதினால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் முழுதும் இரண்டாம் தடவை வரும்.

6. தற்செயல் எண்ணின் அளவு

கடிகாரத்தின் குறையை ஈடுகட்டுவது தற்செயல் எண். எவ்வளவு நீளமான எண் வேண்டும் என்பதைப் பிறந்தநாள் கணக்கு சொல்கிறது. ஒரு கூட்டத்தில் 23 பேர் இருந்தாலே இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 365 நாட்கள் இருந்தும் மோதல் அவ்வளவு விரைவில் வந்துவிடுகிறது.

32 பிட் தற்செயல் எண்ணுக்கு ஏறத்தாழ 429 கோடி மதிப்புகள் உண்டு. ஆயினும் சுமார் 77,000 எண்களை எடுத்தாலே மோதல் வாய்ப்பு பாதியை எட்டிவிடும். நாளொன்றுக்குப் பத்துக் கோடி அஞ்சல் அனுப்பும் நிறுவனத்துக்கு அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். 64 பிட் எண்ணில் பாதி வாய்ப்பு வர ஏறத்தாழ 506 கோடி அஞ்சல்கள் தேவை. அதே நிறுவனத்துக்கு 51 நாட்கள். தனித்த அடையாளங்களுக்கான யூயூஐடி என்ற பொது வடிவத்தின் நான்காம் வகையிலுள்ள 122 பிட் தற்செயல் எண்ணுக்கோ அந்தக் காலம் ஏழு கோடி ஆண்டுகளைத் தாண்டும்.

நேரத்தையும் தற்செயல் எண்ணையும் சேர்ப்பது இன்னும் உறுதியானது. ஒரே மில்லி நொடிக்குள் ஒரே எண் வந்தால்தான் மோதல். மேத்யூ கர்ட்டினும் சவின்ஸ்கியும் 1998இல் முன்வைத்த வரைவு, 64 பிட் நேரத்தையும் 64 பிட் தற்செயல் எண்ணையும் புள்ளியிட்டுச் சேர்க்கச் சொன்னது. 2024இல் வந்த ஆர்எஃப்சி 9562 வகுத்த யூயூஐடி ஏழாம் வகையும் இதே வழியில் செல்கிறது: 48 பிட் நேரம், 74 பிட் தற்செயல் எண்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. தற்செயல் எண் இயங்குதளத்தின் பாதுகாப்பான மூலத்திலிருந்து வர வேண்டும். நிரலின் தொடக்க நேரத்தை விதையாகக் கொண்ட சாதாரண எண்ணாக்கி, ஒரே நொடியில் தொடங்கிய இரண்டு நிரல்களுக்கு ஒரே எண்வரிசையைக் கொடுக்கும். விர்ச்சுவல் மெஷினின் நிலையைச் சேமித்து அதிலிருந்து இரு பிரதிகளை எழுப்பினாலும், விதை புதுப்பிக்கப்படாவிட்டால் இதே விபத்து நேரும்.

7. தரும் நேரமும் மாறாமையும்

அடையாளத்தை எப்படி உருவாக்குவது என்பதற்கு இணையானது எப்போது தருவது என்பது. பல மென்பொருள்களில் பிழை நுழையும் இடம் இதுவே. பயனர் 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிறார். சர்வர் அஞ்சலை ஏற்றுக்கொள்கிறது. அந்த ஒப்புதல் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுகிறது. மென்பொருள் தோல்வி என்று கருதி மீண்டும் அனுப்புகிறது. மறுமுயற்சியில் புதிய அடையாளம் கொடுத்திருந்தால் பெறுநருக்கு இரண்டு அஞ்சல்கள். அஞ்சல் அவுட்பாக்ஸில் நுழையும்போதே அடையாளத்தைக் கொடுத்து, வட்டில் எழுதி, எத்தனை முறை முயன்றாலும் அதையே பயன்படுத்தினால் பெறும் பக்கம் இரட்டிப்பைக் கண்டுகொள்ளும்.

எதிர்த் திசைப் பிழையும் உண்டு. ஆயிரம் பேருக்கு ஆயிரம் வெவ்வேறு கட்டண ரசீதுகளை அனுப்பும் நிரல், ஒரே வார்ப்புருவிலிருந்து அடையாளத்தையும் நகலெடுத்துவிட்டால் ஒரே வாடிக்கையாளருக்குச் செல்லும் இரண்டாம் மாத ரசீது இன்பாக்ஸில் தோன்றாமலே போகலாம். அது ஏற்கெனவே வந்த அஞ்சல் என்று பெறும் மென்பொருள் முடிவுசெய்துவிடும்.

தரநிலையின்படி ஓர் அடையாளம் ஒரு செய்தியின் ஒரே ஒரு வடிவத்துக்கு உரியது. வாசகத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினால் புதிய அடையாளம் வேண்டும். திருத்தாமல் மற்றொருவருக்கு மறுவழி அனுப்பினால் பழையது அப்படியே இருக்க, மறு அனுப்புதலுக்கான தனி அடையாளம் கூடுதல் வரியாகச் சேர வேண்டும். இடையிலுள்ள சர்வர், அடையாளமே இல்லாத அஞ்சலுக்கு ஒன்றைச் சேர்க்கலாம். முறையாக உள்ளதை மாற்றலாகாது. மாற்றினால் அதற்கு வந்த பதில்கள் உரையாடலிலிருந்து அறுந்துவிடும். அனுப்பிய டொமைனை உறுதிசெய்ய, அடையாளத்தையும் உள்ளடக்கி இடப்பட்ட டிகிம் கையொப்பமும் செல்லாது போகும்.

8. மறைக்க வேண்டியவை

அடையாளம் பெறுநர் ஒவ்வொருவரிடமும் செல்கிறது. காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. அதில் எழுதப்படும் எதுவும் பகிரங்கமே. உள் வலையமைப்புக் கணினிப் பெயர், உள் முகவரி எண், பயனரின் உள்நுழைவுப் பெயர் ஆகியவற்றைத் தாங்கிய அடையாளங்கள் நிறுவனத்தின் உள்ளமைப்பை வெளியாருக்குக் காட்டிக்கொடுக்கும். தொடர் வரிசை எண்ணோ அன்றாடம் எத்தனை அஞ்சல்கள் போகின்றன என்பதைச் சொல்லிவிடும். யூயூஐடி முதலாம் வகை கணினியின் வலையட்டை எண்ணை உள்ளடக்கியது. எனவே அஞ்சலுக்குப் பொருந்தாது.

அடையாளத்தை நம்பி அனுப்புநரை உறுதிசெய்யவும் கூடாது. எவரும் எந்த டொமைனையும் வலப்பக்கத்தில் எழுதிவிட முடியும். இதே காரணத்தால் மென்பொருள் தன் தரவுத்தளத்தில் செய்தி அடையாளத்தை முதன்மைச் சாவியாக வைத்துக்கொள்ளலாகாது. வெளியிலிருந்து வரும் ஒன்றை ஒருவர் வேண்டுமென்றே இரட்டித்து அனுப்பினால் பழைய அஞ்சல் அழிக்கப்படக்கூடும். உள்ளே வேறொரு சாவி வேண்டும். ஐமேப் முறையில் ஒவ்வொரு பெட்டியிலும் அஞ்சல்களுக்கு 32 பிட் ஏறுவரிசை எண் உண்டு. பெட்டி புதிதாக அமைக்கப்பட்டால் அதைக் காட்டும் செல்லுபடி எண் தனியே உண்டு. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8474, பெட்டி மாறினாலும் மாறாத அஞ்சல் அடையாளத்தைச் சேர்த்தது.

9. தமிழ் எழுத்தும் அடையாளமும்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் டொமைன் முடிவுகள் வந்துவிட்ட நிலையில், அடையாளத்தையும் தமிழில் எழுதலாமா என்ற கேள்வி எழுகிறது. 2012இன் ஆர்எஃப்சி 6532 தலைப்பகுதியில் யூனிகோடு எழுத்துகளை அனுமதிக்கிறது. அடையாளத்தை மட்டும் ஆஸ்கி எழுத்துகளில் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) வைத்துக்கொள்வதன் நன்மையையும் அதுவே சுட்டுகிறது.

தமிழைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கைக்கு வலுவான காரணம் உண்டு. செஞ்சி வட்டத்துத் தொண்டூரின் முதல் எழுத்தான 'தொ'வை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம். தகரமும் ஒகரக் குறியும் சேர்த்தால் ஆறு பைட்டுகள். தகரம், எகரக் குறி, கால் என மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒன்பது பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. அடையாளங்கள் பைட்டு பைட்டாகவே ஒப்பிடப்படுவதால் கணினிக்கு அவை வேறு வேறு. ஒரு மென்பொருள் அனுப்பியதை இன்னொன்று பதிலில் மாற்றி எழுதிவிட்டால் உரையாடல் அறுந்துவிடும். 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளுக்கும் இது பொருந்தும். தமிழ் டொமைனை அடையாளத்தில் வைக்கும்போது ஆஸ்கி எழுத்துகளில் அமையும் அதன் பியூனிகோடு வடிவத்தை எழுதுவதே பாதுகாப்பு. அஞ்சலின் பொருள், வாசகம், முகவரி அனைத்தும் தமிழிலேயே இருக்கலாம்.

10. முடிவு

நல்ல செய்தி அடையாளத்துக்கான இலக்கணத்தைச் சில வரிகளில் அடக்கலாம். வலப்பக்கத்தில் அனுப்புவோருக்கே உரிய டொமைன். இடப்பக்கத்தில் உலகப் பொது நேரமும் குறைந்தது 64 பிட் பாதுகாப்பான தற்செயல் எண்ணும். ஆஸ்கி எழுத்துகள் மட்டும். மேற்கோள் வரி நீளாதிருக்கச் சுருக்கமான அளவு. பயனரையோ கணினியையோ காட்டிக்கொடுக்காத உள்ளடக்கம். அவுட்பாக்ஸில் நுழையும்போது ஒருமுறை தரப்பட்டு, அதன்பின் எவராலும் மாற்றப்படாதிருத்தல்.

இதற்கு ஐம்பது வரி நிரல் போதும். தமிழ்நாட்டின் கல்லூரிகளில் மென்பொருள் கற்கும் மாணவர்கள் தாம் எழுதும் அஞ்சல் நிரலை இரு சோதனைகளுக்கு உட்படுத்திப் பார்க்க வேண்டும்: கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு அனுப்பிப் பார்ப்பது, அனுப்பும் நடுவில் இணைப்பைத் துண்டித்து மறுபடி அனுப்பிப் பார்ப்பது. முதல் சோதனையில் பழைய அடையாளம் மீண்டும் வரக்கூடாது. இரண்டாவதில் புதிய அடையாளம் பிறக்கக்கூடாது. இரண்டிலும் தேறும் நிரலையே பிறரின் கடிதங்களை நம்பி ஒப்படைக்கத் தக்க நிரல் என்று சொல்ல முடியும்.